"ஏன் குறைச்சாங்க?": அமெரிக்கப் பள்ளியின் சிறப்புக் கல்வி முடிவுகளை எழுத்தில் வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது இது. நாங்கள் இருப்பது டெக்சாஸ். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கென்று பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்தான் ஐஇபி. அதைப் பேசி முடிவெடுக்கும் கூட்டத்தை மற்ற மாநிலங்களில் ஐஇபி மீட்டிங் என்பார்கள், இங்கே ஏஆர்டி மீட்டிங். கூட்டம் முடியப் போகும் நேரத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட் சிரித்த முகத்தோடு சொன்னார்: நல்ல முன்னேற்றம் தெரிகிறது, இனி வாரத்துக்கு இரண்டு செஷன் வேண்டாம், ஒன்று போதும். மேஜையைச் சுற்றி இருந்த ஆறு பேரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். தேங்க்யூ கூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஏன் குறைச்சாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நல்லா பண்றானாம்" என்றேன். வீட்டுக்கு வரும் மாமாவிடம் ஒரு முழு வாக்கியம் பேசத் திணறுகிற பிள்ளை எதில் நன்றாகச் செய்கிறான், யார் பார்த்தார்கள், எதை வைத்து அளந்தார்கள்? நான் எதையுமே கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். குறுக்கே கேட்பது மரியாதைக் குறைவு என்று மனது தானாகவே அடங்கிவிடுகிறது.

பிறகுதான் தெரிந்தது, அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பள்ளி எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தத் தாளின் பெயர் பிரையர் ரிட்டன் நோட்டீஸ். முடிவைச் செயல்படுத்துவதற்கு முன்பே பெற்றோருக்குத் தர வேண்டிய எழுத்து அறிவிப்பு. அதை எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது, படித்த பிறகு என்ன செய்வது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் முழுதாக எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

1975ல் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இது. 1990ல் அதற்கு ஐடியா (IDEA) என்று பெயர் மாறியது. மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் தேவைக்குத் தகுந்த கல்வியை அரசுப் பள்ளி இலவசமாகத் தர வேண்டும் என்பதுதான் இதன் சாரம். தருகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. அதற்காகவே சட்டம் பெற்றோர் கையில் சில பாதுகாப்புகளைக் கொடுத்திருக்கிறது. அவற்றில் அடித்தளமானது இந்த நோட்டீஸ். கூட்டாட்சி விதித் தொகுப்பில் தலைப்பு 34, பிரிவு 300.503 என்று இதற்கு எண் இருக்கிறது. மனப்பாடம் செய்யத் தேவையில்லை, மின்னஞ்சலில் ஒரு முறை குறிப்பிட்டால் போதும்.

நான்கு விஷயங்களில் பள்ளி எதையாவது புதிதாகத் தொடங்கவோ மாற்றவோ நினைத்தால் நோட்டீஸ் தர வேண்டும். பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறதா, எந்த வகை என்று தீர்மானிப்பது ஒன்று. அவனைச் சோதித்துப் பார்க்கும் மதிப்பீடு இரண்டாவது. எந்த மாதிரி வகுப்பில் படிக்கிறான் என்பது மூன்றாவது. அவனுக்குக் கிடைக்கும் கல்வியும் சேவைகளும் நான்காவது. ஸ்பீச் நேரத்தைக் குறைப்பது, உதவியாளரை எடுப்பது, பொது வகுப்பிலிருந்து தனி வகுப்புக்கு மாற்றுவது, சிறப்புக் கல்வியிலிருந்தே வெளியேற்றுவது எல்லாம் இதில் அடங்கும்.

நிறைய பேருக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்டதைப் பள்ளி மறுத்தாலும் நோட்டீஸ் தர வேண்டும். "எங்களிடம் அந்த தெரபி கிடையாது", "இப்போதைக்கு மதிப்பீடு தேவையில்லை", "இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்" என்று காரிடாரில் நின்றபடி சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதெல்லாம் மறுப்புதான். மறுப்புக்கும் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் வராது. டீச்சர் மாறுவது, அறை மாறுவது, செஷன் செவ்வாயிலிருந்து வியாழனுக்குப் போவது போன்றவை பொதுவாக இதில் வராது. கூட்டத்துக்கு அழைத்து வரும் கடிதமும் நோட்டீஸ்தான், ஆனால் அது கூட்ட அழைப்பு மட்டுமே, நான் சொல்லும் தாள் அல்ல. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் ஏற்பாடுகள் செய்து தரும் 504 திட்டம் என்பதும் வேறு. அது 1973ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தின் கீழ் வருவது, அதில் இவ்வளவு விரிவான நோட்டீஸ் கிடையாது. "ஐஇபி எதற்கு, 504 போதுமே" என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் வையுங்கள்.

மறுப்பை எழுத்தில் வாங்குவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் மாநிலமே சாட்சி. மாநிலக் கல்வித் துறையான டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சி 2004ல் பள்ளி மாவட்டங்களுக்கு, அதாவது அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களுக்கு, ஓர் அளவுகோல் வைத்தது: மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அந்த மாவட்டம் கண்காணிப்புக்கு ஆளாகலாம். நாட்டுச் சராசரி 13 சதவீதம் அளவில் இருந்தபோது இது. ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை 2016ல் இதைத் தோண்டி எடுத்தது. 2017ல் மாநிலச் சட்டமன்றம் அந்த உச்சவரம்பைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. அந்த வருடங்களில் எத்தனை பெற்றோர் "கொஞ்சம் பொறுங்க, சரியாயிடும்" என்ற வார்த்தையோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

படி 1: கேட்பதை எழுத்தில் கேளுங்கள்

எழுதிய பதில் வேண்டுமென்றால் முதலில் நம் கேள்வி எழுத்தில் இருக்க வேண்டும். டெக்சாஸில் இது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல, நாட்கணக்கே இதில்தான் தொடங்குகிறது. முதல் மதிப்பீடு வேண்டும் என்று மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ, பிரின்சிபால் மாதிரி ஒரு நிர்வாகிக்கோ எழுத்தில் கேட்டால், 15 பள்ளி நாட்களுக்குள் இரண்டில் ஒன்று வந்தாக வேண்டும். மதிப்பீடு செய்கிறோம் என்ற நோட்டீஸும் சம்மதப் படிவமும், இல்லாவிட்டால் செய்ய மாட்டோம் என்ற நோட்டீஸ். வாயால் கேட்பதும் செல்லும், ஆனால் அந்த 15 நாள் கெடு அதற்குப் பொருந்தாது. வகுப்பு டீச்சருக்கு மட்டும் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். டீச்சருக்கு எழுதுங்கள், கூடவே நிர்வாகிக்கும் அனுப்புங்கள்.

"முதலில் வகுப்பிலேயே கொஞ்சம் கூடுதல் உதவி கொடுத்துப் பார்ப்போம், அப்புறம் மதிப்பீடு" என்ற பதில் வரலாம். கூடுதல் உதவி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்வி அலுவலகம் 2011ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தாலும் மதிப்பீடு கேட்கலாம். அந்தப் பள்ளி எந்த மாவட்டத்துக்குள் இருக்கிறதோ அந்த மாவட்டம்தான் பொறுப்பு.

விசா பற்றிய பயம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. "எச்1பியில் இருக்கோம், எதுக்கு வம்பு" என்று ஒதுங்குகிறார்கள். இந்த உரிமைகள் எதுவும் விசாவைப் பொறுத்தவை அல்ல. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது. பிளைலர் எதிர் டோ என்ற அந்த வழக்கு டெக்சாஸின் டைலர் ஊரிலிருந்து போனது.

படி 2: கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம்

கூட்டத்தில் வாதாடத் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். எனக்கும் வராது. ஏதாவது மாற்றமோ மறுப்போ பேச்சில் வந்தால் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே சொல்லுங்கள்: "இந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் பிரையர் ரிட்டன் நோட்டீஸில் எழுதிவிடுவீர்கள், இல்லையா?" குரலை உயர்த்தத் தேவையில்லை. நான் இப்படிக் கேட்ட முதல் தடவை, பிள்ளைகளை மதிப்பீடு செய்யும் டயக்னோஸ்டீஷியன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சே நிதானமாகிவிட்டது. எழுத வேண்டிய காரணத்தை யாரும் யோசிக்காமல் சொல்வதில்லை.

உங்கள் கோரிக்கைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "அவனுக்கு இன்னும் உதவி வேண்டும்" என்றால் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது, காற்றோடு போய்விடும். "வாரத்துக்கு 30 நிமிடம் வீதம் இரண்டு ஸ்பீச் செஷன் தொடர வேண்டும் என்று கேட்கிறேன்" என்றால் ஆம், இல்லை என்று ஒரு பதில் வந்தாக வேண்டும்.

வருகைப் பதிவுக்கான கையெழுத்து வேறு, ஒப்புதல் கையெழுத்து வேறு. எதில் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள். அன்றைக்கே போட வேண்டிய கட்டாயம் இல்லை, வீட்டில் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

படி 3: தாள் வரவில்லையா, கடிதம் போடுங்கள்

கூட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரின்சிபாலுக்கும் சிறப்புக் கல்விப் பொறுப்பாளருக்கும் சேர்த்து. ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"மார்ச் 4 அன்று நடந்த ஏஆர்டி கூட்டத்தில் என் மகனின் ஸ்பீச் தெரபியை வாரத்துக்கு இரண்டு செஷனிலிருந்து ஒன்றாகக் குறைக்கப் போவதாகச் சொன்னீர்கள். இரண்டையும் தொடர வேண்டும் என்று நான் கேட்டேன், அதை ஏற்கவில்லை. இந்த இரண்டுக்கும், அதாவது குறைக்கும் முடிவுக்கும் என் கோரிக்கையை மறுத்ததற்கும், விதி 300.503 சொல்லும் எல்லா விவரங்களோடும் பிரையர் ரிட்டன் நோட்டீஸ் அனுப்புங்கள். அதை நான் படித்துப் பார்க்கும் வரை இப்போதைய சேவைகளைக் குறைக்க வேண்டாம். முடிவுக்குப் பயன்படுத்திய மதிப்பீடுகள், குறிப்புகளின் நகல்களும் வேண்டும்."

தேதி, பேசிய விஷயம், நீங்கள் கேட்டது, அவர்கள் சொன்னது. கோபம் இருந்தாலும் அதைக் கடிதத்தில் காட்டாதீர்கள். இதே கடிதத்தை ஒரு நாள் வேறு யாராவது, ஒரு விசாரணை அதிகாரி கூட, படிக்க நேரலாம். காரிடாரிலோ போனிலோ சொன்ன மறுப்புக்கும் இதே முறைதான்: "இன்று போனில் இப்படிச் சொன்னீர்கள் என்று புரிந்துகொண்டேன், தவறாக இருந்தால் திருத்துங்கள்" என்று தொடங்கி, நோட்டீஸ் கேளுங்கள்.

படி 4: வந்த தாளை எப்படிப் படிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடம். ஒரு காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நோட்டீஸில் ஏழு விஷயங்கள் இருக்க வேண்டும். பள்ளி என்ன செய்யப் போகிறது அல்லது எதை மறுக்கிறது. ஏன். எந்த மதிப்பீடு, சோதனை, பதிவேடு, அறிக்கையை வைத்து முடிவெடுத்தது. வேறு என்னென்ன வழிகளை யோசித்தார்கள், அவற்றை ஏன் தள்ளினார்கள். முடிவைப் பாதித்த வேறு காரணங்கள் ஏதாவது உண்டா. பெற்றோருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற வாக்கியமும், அந்த விவரப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதும். உதவி கேட்க யாரைத் தொடர்புகொள்ளலாம் என்பது. கடைசி இரண்டும் அச்சடித்த வரிகளாகவே இருக்கும், அதில் நேரம் செலவிட வேண்டாம்.

ஐஇபியையே நோட்டீஸாகப் பயன்படுத்துகிறோம் என்று சில பள்ளிகள் சொல்லும். செய்யலாம், ஆனால் இந்த ஏழும் அதில் இருந்தால்தான்.

எனக்கு வந்த நோட்டீஸில் "ஏன்" என்ற கட்டத்தில் இருந்தது ஒரு வரி: மாணவர் இலக்குகளில் முன்னேறியுள்ளதால் குழு இவ்வாறு முடிவு செய்தது. இது காரணமே இல்லை. குழு முடிவு செய்தது என்பது, முடிவு செய்தார்கள் என்பதைத் திருப்பிச் சொல்வது. நல்ல காரணம் எப்படி இருக்கும் தெரியுமா? எந்த இலக்கு, முன்பு பத்தில் எத்தனை முறை செய்தான், இப்போது எத்தனை முறை, எங்கே வைத்துப் பார்த்தார்கள், குறைந்த நேரத்திலும் அந்த முன்னேற்றம் நிற்கும் என்று எதனால் நம்புகிறார்கள் என்றெல்லாம் இருக்கும்.

அடுத்தது "எதை வைத்து" என்ற கட்டம். அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. அதில் இருந்தது ஒரே பதிவு, தெரபி அறையின் குறிப்புகள். மூடிய அறை, எதிரே ஒரு தெரபிஸ்ட், கையில் படங்கள். அங்கே என் மகன் பேசுவான், யார் இல்லை என்றார்கள்? இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பேசுகிறானா, லஞ்ச் ஹாலில் பக்கத்துப் பையனிடம் பந்து கேட்கிறானா என்று யாரும் பார்க்கவில்லை. வகுப்பு டீச்சரின் குறிப்பு ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் ஆறு பேர் தலையசைத்தபோது எனக்குத் தெரியாமல் போன ஓட்டை, தாளில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"வேறு வழிகள்" என்ற கட்டத்தையும் விடாதீர்கள். பெரும்பாலும் இதைக் காலியாக விடுவார்கள், இல்லாவிட்டால் "இப்போதைய சேவையைத் தொடர்வது பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது" என்று எழுதுவார்கள். நீங்கள் கூட்டத்தில் கேட்டது அங்கே இருக்கிறதா? இல்லை என்றால், கேட்டதே நடக்காத மாதிரி ஆகிவிடும். "நான் கேட்டது விடுபட்டிருக்கிறது, சேர்த்து அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். ஆள் பற்றாக்குறை, பட்ஜெட், "எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் தருவதில்லை" என்ற மாதிரி காரணம் எழுத்தில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஐஇபி பிள்ளையின் தேவையைப் பார்த்து எழுதப்படுவது, அலுவலகத்தின் வசதியைப் பார்த்து எழுதப்படுவது அல்ல.

படித்து முடித்ததும் நான் எழுதியது மூன்று வரி. வகுப்பறையில் அவனைக் கவனித்துப் பார்த்த பதிவு ஏதும் இல்லையே, அதைப் பார்க்காமல் குறைப்பது எப்படி என்று கேட்டேன். இரண்டு நாள் வகுப்பில் கவனிக்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டாவது செஷன் திரும்ப வந்தது. அதில் ஒன்றைத் தெரபி அறைக்குப் பதிலாக வகுப்பிலேயே நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் அதே தெரபிஸ்ட்தான். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. யாரும் அவரை அதுவரை அந்தக் கேள்வி கேட்கவில்லை.

படி 5: நாட்களை எண்ணுங்கள்

"நியாயமான காலத்துக்கு முன்" நோட்டீஸ் தர வேண்டும் என்றுதான் மத்தியச் சட்டம் சொல்கிறது. டெக்சாஸ் அதற்கு ஐந்து பள்ளி நாட்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதற்குள் செயல்படுத்த வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும்.

கூட்டத்தின் கடைசியில் கட்டாகத் தாள்களை நீட்டுவார்கள். அதில் "ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம்" என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் கேட்ட புதிய சேவை உடனே தொடங்க வேண்டுமென்றால் தாராளமாக டிக் செய்யுங்கள். ஏதாவது குறைகிறது, எடுக்கப்படுகிறது என்றால் செய்யாதீர்கள். அந்த ஐந்து நாள்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம்.

அந்த நாட்கள் ஏன் அவ்வளவு பெரியவை என்றால், மாற்றம் நடைமுறைக்கு வருவதற்கு முன் நீங்கள் டியூ பிராசஸ் விசாரணை (ஒரு விசாரணை அதிகாரி இருதரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது) கேட்டு மனு போட்டால், வழக்கு முடியும் வரை பிள்ளை இப்போது இருக்கும் ஏற்பாட்டிலேயே தொடர்வான். ஸ்டே புட் என்பார்கள். மாநிலத்துக்குச் சாதாரணப் புகார் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு வராது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஐந்து நாள் கழித்துப் பள்ளி தன் முடிவைச் செயல்படுத்தலாம். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்பது மட்டும் அதைத் தடுக்காது. முதல் மதிப்பீட்டுக்கும், முதன்முதலாகச் சிறப்புக் கல்வி தொடங்குவதற்கும் கதை வேறு. அவற்றுக்குப் பள்ளி முதலில் உங்கள் எழுத்துச் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும்.

படி 6: ஒத்துவரவில்லை என்றால்

ஏஆர்டி கூட்டத்தில் ஒருமித்த முடிவு வராவிட்டால், கூட்டத்தை நிறுத்தி 10 பள்ளி நாட்களுக்குள் மறுபடி கூட வாய்ப்புக் கேளுங்கள். இடையில் யாரிடமாவது காட்டலாம், புதிய அறிக்கை கொண்டுவரலாம். அப்போதும் முடியவில்லை என்றால், உங்கள் மறுப்பை உங்கள் வார்த்தைகளில் எழுதி ஐஇபியோடு சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

பள்ளியின் மதிப்பீடே தவறு என்று தோன்றினால், வெளியில் ஒருவரை வைத்துப் பள்ளிச் செலவில் மதிப்பீடு செய்யும்படி கேட்கலாம். அப்போது மாவட்டத்துக்கு இரண்டே வழி: செலவை ஏற்பது, அல்லது தங்கள் மதிப்பீடு சரிதான் என்று நிரூபிக்கத் தாங்களே விசாரணைக்குப் போவது.

சமரசப் பேச்சு இலவசம், இருதரப்பும் விரும்பினால்தான் நடக்கும். நோட்டீஸே தரவில்லை, கெடு தாண்டிவிட்டது என்பது போன்ற நடைமுறைத் தவறுகளுக்கு மாநிலப் புகார் நல்ல வழி. வக்கீல் தேவையில்லை. தவறு நடந்து ஒரு வருடத்துக்குள் டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சிக்குக் கையெழுத்திட்டு அனுப்பி, நகலை மாவட்டத்துக்கும் தர வேண்டும். பொதுவாக 60 நாட்களில் முடிவு சொல்வார்கள்.

டியூ பிராசஸ் என்பது பெரிய படி. அதற்குப் போகும் முன் கட்டாயம் யாரிடமாவது ஆலோசனை கேளுங்கள். 2005ல் ஷாஃபர் எதிர் வீஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரூபிக்கும் சுமை வழக்குப் போட்டவர் மேல்தான் என்று சொல்லிவிட்டது. டெக்சாஸில் அது பெரும்பாலும் பெற்றோர்தான். கையில் தாள் இல்லாமல் அங்கே போய் நின்றால் "அவர் அப்படிச் சொன்னார்" என்பதற்கு மேல் நம்மிடம் எதுவும் இருக்காது. இன்னொரு விஷயம்: மனுவில் எழுப்பிய பிரச்சினைக்குப் பள்ளி அதுவரை நோட்டீஸ் தரவில்லை என்றால், மனு கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம், யோசித்த வழிகள், பயன்படுத்திய பதிவுகள் எல்லாவற்றையும் எழுதிப் பதில் தர வேண்டும்.

இலவச உதவிக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு பெற்றோர் பயிற்சி மையம் உண்டு. டெக்சாஸில் பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க். சட்ட உதவிக்கு டிசெபிலிட்டி ரைட்ஸ் டெக்சாஸ். வெறும் சந்தேகம் கேட்க ஸ்பெட்டெக்ஸ் தகவல் மையம்.

தமிழில் தரச் சொல்லலாமா?

சொல்லலாம். நோட்டீஸ் சாதாரண மக்களுக்குப் புரியும் நடையில் இருக்க வேண்டும், பெற்றோரின் தாய்மொழியில் தரப்பட வேண்டும். முற்றிலும் சாத்தியமில்லை என்றால் மட்டுமே விலக்கு. கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குப் புரிய மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வதும் பள்ளியின் வேலை. ஆங்கிலம் பேசத் தெரியாத பெற்றோரின் தாய்மொழி ஸ்பானிஷ் என்றால் ஐஇபியை ஸ்பானிஷில் கட்டாயம் தர வேண்டும் என்று சொல்லும் டெக்சாஸ் சட்டம், மற்ற மொழிகளுக்கும் எழுத்திலோ ஒலிப்பதிவாகவோ தர நல்லெண்ண முயற்சி செய்ய வேண்டும் என்கிறது.

ஐடியில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, அதனால் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பது பல வீடுகளில் அம்மா. அவருக்கு எது சரளமோ அதுதான் கணக்கு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தேட அவர்களுக்கும் நேரம் வேண்டும். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தம்பியைப் பற்றிய அந்த வார்த்தைகளைச் சுமக்கிற வயது அதற்கு இல்லை.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு

அடிப்படை எங்கும் ஒன்றுதான், பெயரும் நாள் கணக்கும் மாறும். பென்சில்வேனியாவில் இந்தத் தாளை நோரெப் என்பார்கள், பதில் சொல்ல 10 நாள். மாசசூசெட்ஸில் செய்யப்போவதற்கு என்1 படிவம், மறுப்பதற்கு என்2. மினசோட்டாவில் ஆட்சேபிக்க 14 நாள். கலிஃபோர்னியாவில் மதிப்பீடு கேட்டு எழுதினால் மதிப்பீட்டுத் திட்டம் 15 நாளில் வர வேண்டும். நியூ ஜெர்சியில் எழுத்துக் கோரிக்கைக்குப் பிறகு 20 நாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். அங்கேயும் நியூயார்க்கிலும் நிரூபிக்கும் சுமையை மாநிலச் சட்டம் பள்ளி மாவட்டத்தின் மேல் வைத்திருக்கிறது.

பதினெட்டு வயதுக்கு முன்

நோட்டீஸ்களை எல்லாம் ஒரே ஃபைலில், தேதி வரிசையில், புதியது மேலே இருக்கும்படி வையுங்கள். வீடு மாறினாலும் மாநிலம் மாறினாலும் அந்த ஃபைல் உங்களோடு வரட்டும். புதுப் பள்ளியில் முதல் கூட்டத்துக்கு அதுதான் உங்கள் பிள்ளையின் வரலாறு.

டெக்சாஸில் பிள்ளைக்கு 18 ஆனதும் இந்த உரிமைகள் அவனுக்குப் போய்விடும். நோட்டீஸ் உங்களுக்கும் வரும், ஆனால் முடிவு சொல்ல வேண்டியவன் அவன். பள்ளி குறைந்தது ஒரு வருடம் முன்பே இதைத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றத்தில் கார்டியன்ஷிப் வாங்குவது மட்டும்தான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளையே முடிவெடுக்க, பெற்றோர் கூட இருந்து விளக்கி உதவுகிற ஒப்பந்தம் ஒன்றும் இருக்கிறது. அதை 2015ல் நாட்டிலேயே முதலில் சட்டமாக்கியது டெக்சாஸ்தான். என் மகனுக்கு இன்னும் வயது இருக்கிறது. ஆனாலும் சென்ற கூட்டத்தின் நோட்டீஸ் வந்ததும் முதல் இரண்டு கட்டங்களை அவனுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "ஏன் வியாழக்கிழமை மட்டும் கிளாஸ்லயே ஸ்பீச்?" என்று கேட்டான். தாளில் காரணம் இருந்தது, சொன்னேன்.